மணலிக் காற்றுக்கு எத்தனை அளவுகோல்?

பொன்னேரி நெடுஞ்சாலையை ஒட்டிய மணலி புதுநகரில் மொட்டைமாடியில் படியும் கரித்தூள் யாருக்கும் புதிதல்ல. கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசியைத்தான் விஞ்ஞானமும் முதலில் பிடித்து எடை போட்டது.

காற்றை வடிதாள் வழியே உறிஞ்சி, தாளில் சேர்ந்த மொத்தத் தூசியை நிறுப்பது பழைய முறை. 1994ஆம் ஆண்டு இந்திய விதி, மிதக்கும் மொத்தத் தூசிக்குக் குடியிருப்புப் பகுதியில் கன மீட்டருக்கு 140 மைக்ரோகிராம் என ஆண்டுச் சராசரி வரம்பு வைத்தது. தொழிற்பகுதியில் 360. ஆலை மதிலோரம் வசிப்பவர் இரண்டரை மடங்கு தூசியைச் சுவாசிக்கலாம் என்று அர்த்தம். எந்த நுரையீரலும் அப்படிப் படைக்கப்படவில்லை.

நிறுத்ததில் பிழையில்லை. எதை நிறுத்தார்கள் என்பதில்தான் கோளாறு. 25 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகளின் எடை, அதே பொருளாலான 2.5 மைக்ரான் துகள்கள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். பெரியது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். சிறியது நுரையீரலின் காற்றறை வரை இறங்கும். மொத்த எடையோ பெருந்தூசியின் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கா 1987இல் மொத்தத் தூசியை விட்டு, 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுக்கு வரம்பு வைக்க இறங்கியது. ஆறு அமெரிக்க நகரங்களில் எட்டாயிரம் பேருக்கு மேல் 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1993இல் வந்தது. மாசு மிகுந்த நகரில் இறப்பு விகிதம், மிகத் தூய நகரைவிட 26 சதவீதம் கூடுதல். நுண்துகளோடு அதற்கு நெருங்கிய தொடர்பு. 1997இல் 2.5 மைக்ரானுக்கும் அங்கே வரம்பு பிறந்தது.

இந்தியா 2009இல் அந்தப் படிக்கு வந்தது. மொத்தத் தூசிக் கணக்கு போனது. தொழிற்பகுதிக்கென இருந்த சலுகையும் போனது. அதே ஆண்டு, மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலி இடம்பெற்றது.

‘அன்றைக்குச் சொன்னது தப்பென்றால், இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது?’ என்று கேட்பவர்கள் உண்டு. தூசி கெடுதல் என்ற முடிவு ஒருமுறையும் சாயவில்லை. எந்தத் தூசி, எவ்வளவு என்பதில்தான் பிழை படிப்படியாகக் குறைந்தது. 2.5 மைக்ரான் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2005இல் பரிந்துரைத்த ஆண்டு அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2021இல் அதை 5 ஆக்கியது. இந்திய வரம்பு 2009இல் வைத்த 40. மாசு மிகுந்த நாடுகள் முதலில் எட்டட்டும் என்று அந்நிறுவனம் வைத்த இடைக்கால இலக்கே 35தான். நம் மண்ணில் இயற்கைத் தூசி அதிகம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அறிவு நகர்ந்த பிறகும் விதி அசையாமல் நிற்பதற்கு அது போதிய காரணமல்ல. இடைவெளியைச் சுமப்பது புதுநகர்க் குழந்தைகளின் மூச்சு.

புகைபோக்கியில் சாம்பலைப் பிடித்துவிட்டாலும், தப்பும் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. பழைய தூசிக் கணக்கால் இதைப் பிரித்துக் காட்ட முடிந்ததில்லை. இன்றைய கணக்கிலும் ஓட்டை உண்டு: எண்ணூர்க் கடற்காற்றின் உப்பும் கன்டெய்னர் லாரியின் டீசல் கரியும் 2.5 மைக்ரானுக்குள் இருந்தால் ஒரே தட்டில் ஏறுகின்றன. 0.1 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் எடையில் அனேகமாகத் தெரிவதே இல்லை. அவற்றை எண்ணித்தான் அறிய வேண்டும். இந்திய விதியில் அவற்றுக்குத் தனி வரம்பில்லை, கரிக்கும் இல்லை. மணலிக்கு அடுத்த கருவி வரும்போது இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கும் கருவியாக அது வர வேண்டும்.