உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலிக்கு ஆடிட்டரை அமர்த்துவது யார்?

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா, தன் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது! மத்திய அரசு நிறுவனம் என்பதால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 139(5) பிரிவுப்படி அவரை அமர்த்துபவர் சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதோடும் விடுவதில்லை. அறிக்கை வந்த 60 நாளுக்குள் சி.ஏ.ஜி. மறுபடி துருவிப் பார்க்கலாம். குறை கண்டால் எழுதலாம். அந்தக் குறிப்பு பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

தனியார் துறையில்? பட்டியலிட்ட கம்பெனி ஒரே ஆடிட் நிறுவனத்தைத் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பழக்கம் முற்றினால் கேள்வி குறையும் என்ற பயம்தான்.

அந்தப் பயம் வீணல்ல என்பதற்குச் சான்று சீனாவில் கிடைக்கும். எவர்கிராண்டே என்ற கட்டுமான நிறுவனத்துக்கு, பங்குச் சந்தைக்கு வந்த 2009 முதல் 2023 தொடக்கம் வரை பி.டபிள்யூ.சி.தான் ஆடிட்டர். 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்தக் கட்டுமான நிறுவனம் வருமானத்தை 56,400 கோடி யுவான் ஊதிக் காட்டியதாகச் சீனப் பங்குச் சந்தை ஆணையம் 2024-இல் கண்டறிந்தது. ஆடிட்டரின் சீனக் கிளைக்கு 44.1 கோடி யுவான் தண்டம். ஆறு மாதம் தொழில் தடை.

நெய்வேலியின் பங்குப் பட்டியலிலும் ஒரு சுவாரசியம் உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிக்காக மத்திய அரசு 2013-இல் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் எதிர்த்தனர். கடைசியில் 3.56 சதவீதத்தைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன.