இல்லத்திற்கு ஏற்ற காமிரா

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் காணும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில் செங்கற்பட்டு வட்டாரத்துக் குடும்பங்கள் மாமல்லபுரம் செல்வது நெடுநாளைய வழக்கம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு, கொண்டு சென்ற கட்டுச்சோற்றை நிழலில் அமர்ந்து உண்டு, மாலையில் அலையில் கால் நனைத்துவிட்டு வீடு திரும்புவர். அந்த நாளில் வீட்டில் நிலைத்துத் தங்குவது என்ன? சில புகைப்படங்களே. பத்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் வளர்ந்து, பெரியவர்கள் மறைந்த பின்னர், அப்படங்களின் அருமை தெரியும்.

புதுநன்மைத் திருநாள் நெருங்கும்போது பங்கு மக்களில் சிலர், "வீட்டில் எல்லாரும் எடுக்கக்கூடிய எளிய டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்க வேண்டும், சுவாமி. எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்பதுண்டு. கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். வீட்டு இளைஞர் வேறோர் எண்ணைச் சொல்வார். அவ்வெண்களுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இதை யார் கையில் எடுக்கப் போகிறார்? வீட்டில் மிகுந்த திறமையுள்ளவருக்கு ஏற்ற கருவியைவிட, மிகவும் தயங்குகிறவருக்கு ஏற்ற கருவியே குடும்பக் காமிரா ஆகும். இந்த ஓர் அளவுகோலை மனத்தில் இருத்திக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எளிமையே வென்றது

புகைப்படக் கலை தோன்றிய காலத்தில் அது வல்லுநர் கையில் மட்டுமே இருந்தது. 1888-இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' என்னும் பெட்டியை வெளியிட்டார். 100 படங்களுக்கான பிலிம் அதனுள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய பிலிமும் இட்டுத் திருப்பி அனுப்பினர். 1900-இல் ஒரு டாலர் விலையில் 'பிரவுனி' வந்தபோது சிறுவரும் படமெடுக்கத் தொடங்கினர்.

நம் நாட்டில் அந்தப் பணியைச் செய்தது 'ஆக்பா கிளிக்-3' ஆகும். ஒரு சுருளில் 12 படம். திருப்ப வேண்டிய திருகுகள் மிகச் சில. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிமை வாங்கி இட்டு எடுத்தோரும் பலர். இன்று நம் வீடுகளில் உள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுள் எத்தனையோ அத்தகைய எளிய பெட்டிகளில் பிறந்தவையே.

டிஜிட்டல் முறையும் எளிமையாகப் பிறக்கவில்லை. 1975-இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதற் கருவி ஏறக்குறைய நான்கு கிலோ எடை கொண்டது. பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடி ஆயிற்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் பதிக்கிறது. ஆயினும் குடும்பங்களுக்குள் புகைப்படத்தைக் கொண்டு வந்தது புள்ளிகளின் எண்ணிக்கை அன்று, எளிமையே.

கைப்பேசி போதாதா?

இது நியாயமான கேள்வி. உலகெங்கும் மக்கள் இதற்கு விடையளித்தும் விட்டனர். ஜப்பானிய காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் சந்தைக்கு வந்தன. 2020 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் அத்தொகை ஒரு கோடியை எட்டவில்லை. பகல் வெளிச்சத்தில், அருகில் நிற்பவரைப் படமெடுக்க நல்ல கைப்பேசியே போதும். அதற்கு மேல் தேவையில்லாத குடும்பம் வீண் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆயினும் மூன்று இடங்களில் காமிரா தன் மதிப்பைக் காட்டும். முதலாவது தொலைவு: பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நிற்கும் பிள்ளை, வேடந்தாங்கலில் நீருக்கு நடுவே மரத்தில் கூடு கட்டும் பறவை. இரண்டாவது மங்கிய ஒளி. மூன்றாவது, பலரும் எண்ணிப் பார்க்காதது: கைப்பேசி ஒருவருடையது, காமிரா குடும்பத்தினுடையது. மகனுடைய கைப்பேசியில் உள்ள படங்கள் மகன் வேலைக்குச் செல்லும்போது உடன் செல்கின்றன. அது பழுதாகும்போது உடன் மறைகின்றன. அதில் பூட்டும் உண்டு. அலமாரியில் இருக்கும் காமிராவைப் பாட்டியும் எடுக்கலாம், பேரனும் எடுக்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புள்ளிகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி. 6 அங்குலம் அகலமும் 4 அங்குலம் உயரமும் உள்ள ஆல்பப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 22 லட்சம் புள்ளி போதும். சுவரில் மாட்டும் 12-க்கு 8 அங்குலப் படத்திற்கே ஏறத்தாழ 86 லட்சம்தான் தேவை. ஆகவே 12 மெகாபிக்சலுக்கு மேல் எத்தனை இருந்தாலும் குடும்பத்திற்கு அதனால் பெரும் பயன் இல்லை.

அதைவிட முக்கியம், லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சென்சார் என்னும் சில்லின் பரப்பு. மழைநீரைப் பிடிக்க வாய் அகன்ற அண்டா உதவுவதுபோல் பெரிய சில்லு மிகுந்த ஒளியைப் பிடிக்கும். மலிவான சிறு காமிராக்களில் அது சுமார் 6 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. 'ஒரு அங்குல' வகை எனப்படுவதில் அகலம் 13 மில்லிமீட்டர். பரப்பு நான்கு மடங்கு. மாலை நேரத்து வரவேற்பிலும் வீட்டு விளக்கொளியிலும் வேறுபாடு நன்கு தெரியும். லென்ஸின் மீது பொறித்துள்ள எண்ணையும் பாருங்கள். 1.8 என்பது 3.5 என்பதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். இங்கு எண் குறைவதே நன்று.

ஜூம் இரண்டு வகைப்படும். லென்ஸ் அசைந்து தொலைவை அருகில் கொணர்வது 'ஆப்டிகல்'. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது 'டிஜிட்டல்'. அதனால் தெளிவு குறையும். முதல் வகை எத்தனை மடங்கு என்று மட்டுமே கேளுங்கள். பத்து மடங்கு இருந்தால், புதுநன்மை வாங்கும் பிள்ளையை நீங்கள் முழந்தாளிட்டிருக்கும் இடத்திலிருந்தே எடுக்கலாம். பீடத்தைச் சுற்றி நெருக்கியடிக்க வேண்டியதில்லை. மேலும், சிறு காமிராவின் பிளாஷ் ஒளி மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. கோயிலின் பின்புறத்திலிருந்து அதை மின்ன வைப்பதால் முன்னால் இருப்பவரின் தலைமுடிதான் படத்தில் பளிச்சிடும். திருப்பலி நேரத்தில் அதை அணைத்து வைப்பது பக்திக்கும் நல்லது, படத்திற்கும் நல்லது.

அடுத்தது விரைவு. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தினுள், ஆயன் ஒருவன் பால் கறக்கப் பசு திரும்பித் தன் கன்றை நக்கிக் கொடுக்கும் சிற்பம் உள்ளது. அருச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்கின்றன. அவை வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்ட காட்சிகள் அல்ல. கணத்தில் தோன்றி மறைபவை. பல்லவச் சிற்பி அவற்றைக் கண்ணால் பிடித்துக் கல்லில் பதித்தான். குடும்பப் படத்தின் உயிரும் அப்படிப்பட்ட கணங்களிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் படம் பதியும் கருவியில் குழந்தையின் முதுகுதான் கிடைக்கும். எனவே கடையில் யாரையேனும் நடக்கச் சொல்லி எடுத்துப் பாருங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, தெளிவு அமைந்ததும் முழுதும் அழுத்தும் பழக்கம் தாமதத்தைக் குறைக்கும். கை நடுக்கத்தை ஈடு செய்யும் அமைப்பு இருப்பதும் நன்று. முதியோருக்கு மட்டுமன்று, தொல்லியல் துறையின் காவலிலுள்ள சின்னங்களில் முன் அனுமதியின்றி முக்காலி வைக்க இயலாது என்பதாலும் அது பயன்படும்.

கடைசிச் சோதனையே தலையாய சோதனை. இல்லத்தரசியையோ வீட்டுப் பெரியவரையோ கடைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். யாரும் விளக்கம் சொல்லாமல் காமிராவை அவர் கையில் கொடுங்கள். அவர் தாமாகவே இயக்கி, ஒரு படம் எடுத்து, அதைத் திரையில் பார்த்துவிட்டால், அதுவே உங்கள் வீட்டிற்குரியது. கடை வாயிலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய காமிரா வாங்குவோர், அதற்குரிய பாட்டரி இன்றும் கிடைக்கிறதா என்பதையும், லென்ஸ் வெளிவரும்போது மணல் அரைபடும் ஓசை கேட்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடற்கரையில் கவனம்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நம் கடல் கிழக்கே உள்ளது. காலையில் கடலைப் பின்னணியாக்கி நிற்போரின் முதுகில் வெயில் விழுவதால் முகம் கறுத்துவிடும். அப்போது பகலிலும் பிளாஷை ஏற்றுவது நலம். கடலோடு சேர்த்து எடுக்க மாலையே ஏற்ற வேளை. மேற்கிலிருந்து வரும் மெல்லிய ஒளி முகத்தில் விழும். கிழக்கு நோக்கியுள்ள அருச்சுனன் தபசுக்கோ காலை வெயிலே சிறப்பு.

உப்புக் காற்றும் மணலும் காமிராவின் பகைவர். கரையில் நிற்கும்போது லென்ஸைத் தேவையின்றி வெளியே நீட்ட வேண்டாம். வீடு வந்ததும் சற்றே ஈரமான துணியால் உடலைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. அடிக்கடி நீரருகே செல்வோருக்கென்றே நீர் புகாத காமிராக்கள் உள்ளன. ஓஎம் சிஸ்டம் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட டிஜி-7 என்பது 15 மீட்டர் ஆழத்து நீரையும் தாங்குமாறு அமைக்கப்பட்டது.

எடுத்த படம் எங்கே தங்கும்?

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை இக்கரையோரக் குப்பங்களில் புகுந்தபோது வீடுகளிலிருந்த பெட்டிகளும் திருமண ஆல்பங்களும் போயின. இழந்த பாத்திரத்தையும் வலையையும் மீண்டும் வாங்கலாம். மாண்டுபோன மகளின் ஒரே படத்தை எங்கே வாங்குவது? 2011 மார்ச்சில் ஜப்பானில் அத்தகைய பேரலை வந்தபின், தொண்டர்கள் சேற்றில் கிடந்த புகைப்படங்களைத் திரட்டி, நீரில் மெல்லக் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்கப் பாடுபட்டனர். தாளில் அச்சிட்ட படம் சேற்றிலும் தன் முகத்தைக் காட்டியதால் அப்பணி இயன்றது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒரே இடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைக்கலாகாது. 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் ஆறாயிரம் படம் அடங்கும். அது தொலைந்தால் ஆறாயிரமும் தொலையும். மாதம் ஒருமுறை படங்களைக் கணிப்பொறிக்கு மாற்றுங்கள். மற்றொரு பிரதியை வேறு ஊரில் வாழும் உடன்பிறந்தார் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். இரண்டு, ஆண்டுதோறும் சிறந்த இருபத்து நான்கு படங்களையாவது தேர்ந்து அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் இடமும் பென்சிலால் எழுதி ஆல்பத்தில் சேருங்கள். காமிரா வாங்கிய அன்றே அதில் தேதியையும் நேரத்தையும் சரியாக அமைத்துவிட்டால் இவ்வேலை எளிதாகும்.

யார் படத்தில் இல்லை?

பங்குப் பணியில் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. வீட்டில் ஒரு தாய் மறைந்ததும் நினைவு அட்டைக்குப் படம் தேடுவர். ஆயிரக்கணக்கான படங்களைப் புரட்டியும், அடையாள அட்டைக்காக எடுத்த விறைத்த முகம் ஒன்றே அகப்படும். விருந்து நாட்களில் அவர் அடுக்களையில் இருந்தார். அல்லது பின்வரிசையில் பாதி மறைந்து நின்றார். சில வீடுகளில் தந்தையின் நிலையும் அதுவே. காமிராவைப் பிடித்திருந்தவர் அவராதலால் எந்தப் படத்திலும் அவர் இல்லை.

காமிரா எளியதாய் இருக்க வேண்டும் என்று இத்துணை வற்புறுத்துவது இதற்காகவே. ஒருவரே இயக்க வல்ல கருவி அந்த ஒருவரைக் குடும்பப் படத்திலிருந்து நீக்கிவிடுகிறது. எல்லாரும் இயக்க வல்ல கருவி கைமாறும். கைமாறும்போது எல்லாரும் படத்தில் இடம்பெறுவர். எவரும் விடுபடாமல் நிற்க வேண்டுமெனில், பத்து விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் அமைப்பு ஏறக்குறைய எல்லாக் காமிராவிலும் உண்டு. ஒரு மேசை மீதோ திண்ணை மீதோ வைத்துவிட்டு ஓடி வந்து நில்லுங்கள்.

பெற்றோரே, இவ்வாரமே உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கள். தாயும் தந்தையும், தாத்தாவும் பாட்டியும் தெளிவாகத் தெரியும் படம் ஒவ்வொருவருக்கும் ஒன்றேனும் உள்ளதா? இல்லையேல், புதிய காமிரா வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள கருவியால் நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் வாயிற்படியில் அமர்த்தி எடுங்கள். எடுத்ததை அச்சிட்டும் வையுங்கள்.