பவளத் தொட்டியும் ஆப்பச் சோடாவும்

மாணவர்களே! கடின நீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மன்னார் வளைகுடாவில் பவள உயிரிகள் வீடு கட்டுவதும் இதே பொருளால்தான்!

கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளம், நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீரின் காரத்தன்மை நாள்தோறும் குறைகிறது. காரத்தன்மை வேறு, பி.எச். வேறு. அமிலத்தைச் சேர்த்தால் நீர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவதே காரத்தன்மை. கடலில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 மில்லி சமானம்.

100 லிட்டர் தொட்டியில் இது 2.0 ஆகிவிட்டது எனக் கொள்வோம். குறைவு 30 மில்லி சமானம். ஆப்பச் சோடாவின் சமான எடை 84. எனவே 84 × 30 = 2,520 மில்லிகிராம், அதாவது சுமார் 2.5 கிராம் வேண்டும். நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். திடீர் மாற்றம் பவளத்துக்கு ஆகாது. குறைந்த கால்சியத்தையும் ஈடுசெய்யவேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கடலில் பவளம் ஒடிக்கப் போய்விடாதீர்கள்! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 2001 முதல் அது குற்றம்.

நாம் வெளிவிடும் கரியமில வாயு கடலில் கரைகிறது. அதனால் காரத்தன்மை மாறுவதில்லை. ஆனால் கார்பனேட் அயனிகள் குறைகின்றன, பவளம் கூடு கட்டத் திணறுகிறது. தொட்டிக்கு 2.5 கிராம் சோடா போதும். கடலுக்கு? புகையைக் குறைப்பதுதான் வழி.