மலை ஏறினால் பல் வலிப்பதேன்?

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குப் பேருந்தில் செல்லும்போது காது அடைத்துக்கொள்வதையும், எச்சிலை விழுங்கியதும் அது மீண்டும் திறந்துகொள்வதையும் நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சிலருக்குக் காதோடு பல்லும் தொல்லை தரத் தொடங்கும். சில வாரங்களுக்கு முன் சொத்தையை அகற்றி அடைத்த பல் அது. சமவெளியில் அவ்வப்போது கூசியதோடு சரி. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, அது 'விண் விண்' என்று தெறிக்கும். "மலைக்காற்று பட்டுவிட்டது, கீழே இறங்கினால் சரியாகிவிடும்" என்று அவர்கள் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர்.

இந்தத் தேறுதல் சரியானதுதானா? மலை உண்மையிலேயே பல்வலியை உண்டாக்குகிறதா? இயற்பியலின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

இருபது வளைவுகளில் நிகழும் மாற்றம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பயணத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நாம் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம்.

இவ்வுயர்வினால் இரண்டு மாற்றங்கள் ஏற்படுகின்றன. ஒன்று, வெப்பநிலை ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மற்றொன்று, சேலத்தில் ஏறத்தாழ 980 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம் ஏற்காட்டில் ஏறத்தாழ 850 மில்லிபாராகிறது. அதாவது 13 விழுக்காடு குறைகிறது. இவ்விரு மாற்றங்களும் பல்லை எவ்வாறு தாக்குகின்றன என்பதை அறிய, முதலில் பல்லின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்லுக்குள் நுண்குழாய்கள்

பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்னும் கடினமான உறை இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது டென்டைன். நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பல்கூழ் இருக்கிறது. டென்டைன் பார்வைக்குக் கெட்டியான பொருள். நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலோ சல்லடையைப் போன்றது! ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் பல்லாயிரம் நுண்குழாய்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு குழாயிலும் திரவம் நிரம்பியுள்ளது.

குளிர் பட்டால் பல் ஏன் கூசுகிறது? பல்கூழ் குளிர்ந்துபோவதால் என்று நீங்கள் விடை கூறலாம். ஆனால் குளிர் பல்கூழைச் சென்றடைவதற்கு முன்பே கூச்சம் தோன்றிவிடுகிறது. இப்புதிரை விடுவித்தவர்களுள் முதன்மையானவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரான்ஸ்ட்ராம். நுண்குழாய்களிலுள்ள திரவம் திடீரென நகர்வதே நரம்பைத் தூண்டுகிறது என்று 1960களில் அவர் விளக்கினார். இவ்விளக்கம் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

பல்லைக் குடைந்து அடைக்கும்போது இக்குழாய்களுள் பல திறந்துகொள்கின்றன. பல்கூழும் சிறிது அழற்சி அடைகிறது. ஆகவே, அடைத்த பல் சில நாள்கள், சில வேளைகளில் இரண்டு மூன்று வாரங்கள்கூட, கூசுவது இயல்பே.

குளிர்காற்றும் சுடு காப்பியும்

பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து மலைக்காற்றை வாயால் உள்ளிழுக்கிறீர்கள். மேலே சென்றதும் ஏற்காட்டுக் காப்பியைச் சுடச்சுடக் குடிக்கிறீர்கள். சில நிமிடங்களுக்குள் பல்லின் வெப்பநிலை பெரிதும் ஏறி இறங்குகிறது.

பழைய வெள்ளிநிற அடைப்பு, பாதரசமும் வெள்ளியும் பிற உலோகங்களும் கலந்த இரசக்கலவை. அது டென்டைனைவிட ஏறத்தாழ 30 மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அலுமினியப் பாத்திரத்தின் கைப்பிடிக்கும் மரக் கைப்பிடிக்கும் உள்ள வேறுபாடுதான் இது. இன்று பரவலாகியுள்ள, பல்லின் நிறத்தையொத்த பிசின் அடைப்புகள் வெப்பத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. ஆனால் அவை இறுகும்போது சிறிது சுருங்குகின்றன. மேலும், இவ்விருவகை அடைப்புகளும் வெப்பத்தால் விரிவடையும் அளவு பல் விரிவடையும் அளவைவிட மிகுதி. ஆகவே, பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே நுண்ணிய இடைவெளி தோன்றினால், அதன் வழியே திரவம் உள்ளும் புறமும் நகர்கிறது, கூச்சம் எழுகிறது.

மயிரிழை உயரமும் வலி தரும்

கடைவாய்ப் பற்களால் நாம் பல நூறு நியூட்டன் விசையுடன் கடிக்கிறோம். இவ்விசை எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து செல்ல வேண்டும். அடைப்பு ஒரு மயிரிழை அளவு உயர்ந்திருந்தாலும், அந்த ஒரு பல்லே முதலில் அடி வாங்குகிறது. பல்லின் வேரைச் சுற்றியுள்ள தசைநார் நொந்துபோகிறது. மருத்துவர் வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து, உயர்ந்த இடத்தைக் கண்டறிந்து தேய்த்துவிட்டால், சில நாள்களில் இவ்வலி அடங்கிவிடும்.

"வேர்ச் சிகிச்சை செய்து நரம்பையே எடுத்துவிட்டார்கள், பின் எப்படி வலிக்கும்?" என்று கேட்போர் உண்டு. பல்லினுள் இருந்த நரம்புதான் போயிற்று. வேரைச் சுற்றியுள்ள தசைநாரின் நரம்புகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே, சில நாள்கள் கடிக்கும்போது நோவு இருக்கலாம்.

சிறைப்பட்ட காற்று

இனி, காற்றழுத்தத்திற்கு வருவோம். வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும் என்பது 1662இல் வெளியான பாயில் விதி. ஏற்காட்டில் அழுத்தம் 13 விழுக்காடு குறைவதால், சேலத்தில் அடைபட்ட காற்றுக்குமிழி ஏறத்தாழ 15 விழுக்காடு விரிய முயலும். விரிய இடமில்லையெனில்? உள்ளுக்கும் வெளிக்கும் 130 மில்லிபார் வரை அழுத்த வேறுபாடு தோன்றலாம். இது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரச உயரத்திற்குச் சமம். நம் இரத்த அழுத்தத்தோடு ஒப்பிடத்தக்க அளவு!

இரண்டாம் உலகப் போரின்போது விமானிகள் பலர் உயரே பறக்கையில் பல்வலியால் துன்புற்றனர். அப்போதுதான் இவ்வகை அழுத்தப் பல்வலி மருத்துவர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. கசியும் அடைப்பு, அடைப்பின் கீழ் தங்கிய சொத்தை, அழற்சியுற்ற பல்கூழ், வேர்நுனிச் சீழ் ஆகியவை இதற்குரிய காரணங்கள். இன்றைய பயணிகள் விமானத்தின் உள்ளே நிலவும் அழுத்தம், 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைவதுண்டு. ஏற்காட்டைவிட உயரமான மலையில் அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும்.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குச் சற்று மேலே, மேல்தாடை எலும்பினுள் ஒரு காற்றறை இருக்கிறது. சளியால் அதன் வாயில் அடைபட்டால், மலை ஏறி இறங்கும்போது அங்கு எழும் வலி பல்வலிபோலவே தோன்றும். பல்லில் குறையே இராது!

பொதுவாக, ஏறும்போது வரும் வலி பல்கூழ் அழற்சியையும், இறங்கும்போது வரும் வலி பல்கூழ் அழிந்துவிட்டதையோ காற்றறைக் கோளாற்றையோ காட்டும் என்பர். நலமான பல்லும் நன்கு அடைக்கப்பட்ட பல்லும் இந்த அழுத்த மாற்றத்தால் வலிப்பதில்லை. ஆகவே, மலை நோயை உண்டாக்கவில்லை. மறைந்திருந்த நோயை வெளிப்படுத்துகிறது. கீழே இறங்கியதும் வலி போய்விடலாம், நோய் போவதில்லை.

எந்த வலியைப் பொறுக்கலாம்?

குளிரோ சூடோ பட்டதும் தோன்றி, அது நீங்கிய சில விநாடிகளில் மறையும் கூச்சம், நாளுக்கு நாள் குறைந்து வருமானால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அரை நிமிடத்திற்கு மேலும் வலி நீடித்தாலோ, காரணமின்றித் தானே எழுந்தாலோ, இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ, கடிக்கும்போது சுரீரென்றாலோ, மலை ஏறும்போதெல்லாம் திரும்பி வந்தாலோ மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நேரத்தில், எதனால், எவ்வளவு நேரம் வலித்தது என்பதைக் குறித்துச் சென்றால், நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும். முகமோ கழுத்தோ வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிட்டாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிராம்புத் தைலம் நரம்பைச் சற்று மரக்கச் செய்யுமேயன்றி, நோயைத் தீர்க்காது. மிகுதியாகத் தடவினால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கமும் தீங்கானது. அம்மாத்திரை ஓர் அமிலமாதலால் அவ்விடம் வெந்துவிடும்.

இறுதியாக ஒன்று. பல நாள் வாட்டிய கடும்வலி ஒருநாள் திடீரென நின்றுவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். பல்கூழ் முற்றிலும் அழிந்து, வலியை உணர்த்த நரம்பே இல்லாமற் போயிருக்கலாம். வேர்நுனியில் சீழ் ஓசையின்றிப் பரவிக்கொண்டிருக்கும். இந்நிலையிலும் வேர்ச் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. வலி நின்றதென்று வாளாவிருந்தால் அவ்வாய்ப்பும் கைநழுவிப் போகும்.