மாடியில் பாசி, சுவரில் கறுப்புக் கோடு: பிரஷர் வாஷரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கல் நெருங்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். “இந்த வருஷம் பெயின்ட் அடிக்கணுமா, கழுவி விட்டாலே போதுமா?” மொட்டை மாடி பச்சையாக வழுக்கும். சன் ஷேடுக்குக் கீழே சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும்.

முன்பு இதற்கு பிளீச்சிங் பவுடரும் ஈர்க்குமாறும்தான் வழி. இப்போது பிரஷர் வாஷரை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடலாம். ஒரே இழுப்பில் கறுப்புத் தரை வெள்ளையாக மாறும் ரீல்ஸ் பார்க்கவே திருப்தியாக இருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு அதே வீட்டின் ஹால் சீலிங்கில் ஈரம் கசிந்ததா என்று எந்த ரீலும் காட்டாது.

வீட்டின் கூரையையும் வெளிச்சுவரையும் சுத்தம் செய்ய எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் சரியான முறையை நீங்களே முடிவு செய்யலாம். படிந்திருப்பது என்ன? அது எந்தத் தளத்தின் மேல் இருக்கிறது? அந்த இடத்துக்கு ஆபத்து இல்லாமல் போக முடியுமா?

அது பாசியா, தூசியா, உப்பா?

பச்சையாக வழுக்குவது பாசி. கறுப்புக் கோடுகளும் பெரும்பாலும் பாசி, சயனோபாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் கலவைதான். சுவரில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படர்வதைப் பலரும் துருக்கறை என்று நினைக்கிறோம். ஈரப்பதம் அதிகமான ஊர்களில் அதுவும் ‘ட்ரென்டபோலியா’ என்ற பாசியாக இருக்கலாம். இவை எல்லாமே உயிருள்ளவை. மேலாகச் சுரண்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது அடுத்த மழைக்குத் திரும்ப வளரும்.

சந்தேகம் இருந்தால் சின்ன டெஸ்ட் ஒன்று உண்டு. கறுப்பு இடத்தில் ஒரு சொட்டு பிளீச் கரைசலை வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. அப்படியே இருந்தால் தூசி, புகைக்கரி. அதற்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

சுவரில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அது உப்பு. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வந்து காயும்போது விட்டுச் செல்வது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும், மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று தேடுவதுதான் வழி.

பிரஷர் வாஷர்: எங்கே ஓகே, எங்கே கூடாது?

10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் டேங்க் இருந்தால், கீழே உள்ள குழாயில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். வீட்டு உபயோக பிரஷர் வாஷர்கள் பொதுவாக 100 முதல் 150 பார் வரை கொடுப்பவை. அதாவது குழாயைவிட நூறு மடங்குக்கும் மேல்.

நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தரை, கருங்கல், கார் நிறுத்தும் இடத்தில் போட்ட பேவர் பிளாக் ஆகியவை இதைத் தாங்கும். நம் வீடுகளின் மற்ற பகுதிகள் அப்படியில்லை. மாடியில் பதித்த தட்டோடுகளின் இடையே உள்ள பூச்சு பெயர்ந்து வரும். வெயிலைத் தடுக்க அடித்த வெள்ளை கோட்டிங்கும், வாட்டர் ப்ரூஃபிங் பூச்சும் ஓரத்திலிருந்து உரியும். சுவரில் முடி அளவு விரிசல் இருந்தாலும் அதன் வழியே தண்ணீர் உள்ளே தள்ளப்படும். பாசியைச் சுத்தம் செய்யப் போய், ஒழுகாத வீட்டை ஒழுக வைத்த கதையாகிவிடும்.

அமெரிக்காவில் ஆஸ்பால்ட் கூரைத் தகடு தயாரிப்பாளர்களின் சங்கமே, கூரையில் பிரஷர் வாஷர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பிளீச் கரைசலைத் தெளித்து, ஊற விட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசுவதே அவர்கள் சொல்லும் முறை. நம் கூரைகள் வேறு வகை என்றாலும், எதிரி அதே பாசிதான்.

இன்னொன்று. பிரஷர் வாஷரின் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆனால் உள்ளே காயமும் தொற்றும் பெரிதாக இருக்கலாம். “சின்னக் காயம்தானே” என்று பிளாஸ்டர் ஒட்டிவிட்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாசிலை யார் பக்கமும் திருப்பக் கூடாது, செருப்பு கழுவக்கூட.

ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது

கான்கிரீட் மாடிக்கும் தட்டோடு மாடிக்கும் பாதுகாப்பான வழி இது:

1. முதலில் சருகு, மண் எல்லாவற்றையும் பெருக்கி எடுங்கள். தடிமனான பாசியை பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டியால் சுரண்டுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்.

2. 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்குங்கள். பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருந்தால், இது 1 சதவீதக் கரைசல். அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். 5 சதவீத திரவ பிளீச் என்றால் 2 லிட்டருக்கு 8 லிட்டர் தண்ணீர். பல மாதங்கள் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதை நம்ப வேண்டாம்.

3. அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஊற்றுங்கள். உச்சி வெயிலில் கரைசல் சீக்கிரம் காய்ந்துவிடும், வேலை செய்ய நேரம் இருக்காது. 15 முதல் 20 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும்.

4. பிறகு நைலான் பிரஷ் அல்லது ஈர்க்குமாறால் தேய்த்து, சாதாரண ஹோஸ் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

பிளீச் பட்ட பாசி முன்பைவிட அதிகமாக வழுக்கும். அதனால் தூரத்து மூலையில் ஆரம்பித்து, படிக்கட்டை நோக்கிப் பின்னால் நகர்ந்து வாருங்கள். ஊற்றிய இடத்தில் நடக்க வேண்டிய தேவையே வராது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியாக இருந்தால் இப்படிப் பின்னால் நகர்வதே ஆபத்து. அந்த வேலையே வேண்டாம்.

பெயின்ட் அடித்த சுவருக்கு முதலில் சோப்புத் தண்ணீர். போகாவிட்டால், மேலே சொன்ன கரைசலைப் பாதியாக நீர்த்து, கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் தொடரலாம். கீழிருந்து மேலாகத் தடவி, மேலிருந்து கீழாக அலசினால் கோடு கோடாக வழியாது. ஜன்னல் கம்பி, கிரில்லில் பட்டதை உடனே கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

ரப்பர் கையுறை, கண்ணாடி, வழுக்காத பூட்ஸ் மூன்றும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் பலரும் மறப்பது இதைத்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, பல வீடுகளில் மாடித் தண்ணீர் நேராகக் கிணற்றுக்கோ, சம்ப்புக்கோ, போர்வெல் பக்கத்துக் குழிக்கோதான் போகிறது. பிளீச் தண்ணீரும் அதே வழியில்தான் இறங்கும். வேலை ஆரம்பிக்கும் முன் சேகரிப்புக் குழாயைத் துணி வைத்து அடையுங்கள், அல்லது பைப்பை வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள். டேங்க் மூடியைச் சரிபாருங்கள். மாடித் தோட்டம் இருந்தால் தொட்டிகளை நகர்த்துங்கள். முடித்ததும் அடைத்த துணியை எடுக்க மறக்காதீங்க. அடுத்த மழைக்கு மாடி குளமாகிவிடும்.

“ஆசிட் ஊத்தினா உடனே போயிடுமே?”

போகும். கூடவே சிமெண்டும் போகும். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அது கரைத்துவிடும். தளம் சொரசொரப்பாகும், அந்தக் குழிகளில் ஈரம் தங்கும், பாசிக்கு இன்னும் நல்ல வீடு கிடைக்கும். அதில் உள்ள குளோரைடு விரிசல் வழியே இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பியையும் அரிக்கும்.

அதைவிட முக்கியம்: பிளீச்சையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பல டாய்லெட் கிளீனர்களிலும் இதே அமிலம் இருக்கிறது என்பதால் “ரெண்டையும் கலந்தா நல்லா போகும்” என்ற அறிவுரையைக் கேட்காதீங்க. அம்மோனியா உள்ள கிளீனர்களுடனும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால் அதைக் கழுவ நிற்காமல் உடனே விலகுங்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடங்களில் தங்கும். அதனால் காற்று வீசிவரும் திசையில் திறந்தவெளிக்குப் போங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். தூசிக்குப் போடும் என்95 மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது.

சிமெண்ட் ஷீட் கூரை: சுத்தம் செய்யாமல் இருப்பதே சுத்தம்

மாடியில் ஒற்றை அறை, கார் ஷெட், பழைய வாடகை வீடு என்று நம் ஊரில் சாம்பல் நிற நெளி ஷீட் இல்லாத தெரு கிடையாது. பேச்சு வழக்கில் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’. பெரும்பாலும் அது உண்மையிலேயே ஆஸ்பெஸ்டாஸ்தான். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஷீட்டுக்கு முழுத் தடை இல்லை.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஷீட் நல்ல நிலையில் சும்மா இருக்கும்வரை, நார்கள் சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கும். தேய்க்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும்போதும் அவை வெளியே வரும். மூச்சில் போன நார் தரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இந்த ஷீட்டின் மேல் பிரஷர் வாஷர் அடிப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொரு உடனடி ஆபத்து, கால் வைத்தால் ஷீட் உடையும். பாசி படிந்த பழைய ஷீட் ஒரு ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்பவே கூடாது. புதிதாக வரும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். எது என்று தெரியாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே கறுத்துப் போன ஷீட்டைக் கறுப்பாகவே விடுங்கள். ஒழுகினாலோ விரிசல் விட்டாலோ மாற்றுவதுதான் தீர்வு. மாற்றும்போதும் நனைத்து, உடைக்காமல், முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் “கழுவித் தாங்க” என்று கேட்பதைவிட “மாத்தித் தாங்க” என்று கேட்பது நல்லது.

ஓட்டு வீடு என்றால்?

மங்களூர் ஓடாக இருந்தாலும் நாட்டு ஓடாக இருந்தாலும், ஆள் ஏறி நடந்தால் உடையும். பிரஷர் அடித்தால் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து மரச் சட்டம் ஊறும். சருகு தேங்கும் இடத்தை நீளக் கம்பில் கட்டிய மென்மையான துடைப்பத்தால் கீழிருந்தே தள்ளலாம். மேலே சாயும் மரக்கிளையை வெட்டி வெயில் பட வைத்தாலே பாசி குறையும். மிக மோசமாக இருந்தால், ஓடு மாற்றும் அனுபவம் உள்ளவரை வைத்து, ஓட்டைக் கழற்றித் தரையில் வைத்துக் கழுவி மாட்டுவதே நல்லது.

உயரமும் கரண்ட்டும்

அலுமினிய ஏணி, ஈரமான கை, அருகில் மின்கம்பி. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் எந்தச் சுத்தமும் தேவையில்லை. நீளக் கம்பும், பீய்ச்சும் தண்ணீரும்கூடக் கம்பியைத் தொட்டுவிடும். சர்வீஸ் வயர் சுவரை ஒட்டிப் போகிறது என்றால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-ல் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகு ஆரம்பிக்கலாம்.

ஏணிக்கு ஒரு எளிய கணக்கு: 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சன் ஷேடின் மேல் நின்று வேலை செய்யவே கூடாது. அது ஆள் நிற்கக் கட்டியது இல்லை. பிரஷர் வாஷரை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

ஆள் வைத்துச் செய்தால் என்ன கேட்கணும்?

இரண்டாவது மாடிக்கு மேல் சுவர் என்றால் நீங்களே செய்ய நினைக்காதீங்க. ஆனால் ஆள் வைத்துவிட்டால் ஆபத்து மறைந்துவிடாது, அது அவர் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பணம் பேசும் முன் இதையெல்லாம் கேளுங்கள்: என்ன ரசாயனம் பயன்படுத்துவீங்க? ஆசிட் கலப்பீங்களா? இந்தத் தளத்துக்கு எவ்வளவு பிரஷர்? சாரம் கட்டுவீங்களா, கயிறா? கயிறு என்றால் பெல்ட், ஹெல்மெட், தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு இருக்கா? ஆளுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

“அதெல்லாம் பழக்கம் சார், பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், அந்த கொட்டேஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு மாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ, அங்கேதான் அடுத்த பாசி வரும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்து, வடிகுழாய் வாயை அடைப்பில்லாமல் வைத்தால், அடுத்த பொங்கலுக்கு ஈர்க்குமாறு மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.