சில லட்சம் பேருக்கு எதற்கு ரயில்?

கனடாவின் வாட்டர்லூ வட்டாரத்தில் ஓடும் நகர ரயிலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நண்பர்கள் கேட்பது இதைத்தான்: "மொத்தமே சில லட்சம் ஜனம். அதுக்கு எதுக்கு ரயில்? நாலு பஸ் கூட விட்டா போதாதா?" நியாயமான கேள்விதான். ஒரு டீயில் பதில் முடியாது; இரண்டு டீ சொல்லிவிட்டே ஆரம்பிக்கலாம்.

டொரான்டோவுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் வாட்டர்லூ, கிச்சனர், கேம்பிரிட்ஜ் என்று மூன்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. சுற்றிலும் நல்ல விளைநிலம். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறைகளாகப் பயிர் செய்யும் மண். குடிநீரில் பெரும்பகுதி நிலத்துக்கடியிலிருந்துதான் வருகிறது. மழைநீர் ஊறி இறங்கும் மணல்மேடு ஊரின் மேற்குப் பக்கம். அங்கே மனை பிரித்து விற்றால் வயலும் போகும், ஊற்றும் போகும். அதனால், இனி வரப்போகிறவர்களை ஊருக்குள்ளேயே குடியமர்த்துவது என்று வட்டார மன்றம் தீர்மானித்தது. அதற்குத்தான் ரயில். இன்று ஏறி இறங்கும் தலைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இந்தத் திட்டம் புரியாது.

பஸ் போகும் வழியை நாளைக்கே மாற்றிவிடலாம். தெருவில் பதித்த தண்டவாளத்தை அப்படி மாற்ற முடியாது. அடுக்குமாடி கட்டுகிறவர் அந்த உறுதியை நம்பித்தான் பணம் போடுகிறார். ரயில் ஓடுவதற்கு முன்பே, அந்த வழித்தடத்தை ஒட்டி 200 கோடி டாலருக்கு மேல் கட்டட வேலைகள் நடந்துவிட்டன.

எடுத்த எடுப்பில் அவர்கள் தண்டவாளம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2005இல் அதே வழியில், குறைந்த நிறுத்தங்களோடு ஐஎக்ஸ்பிரஸ் என்ற விரைவுப் பேருந்து விட்டார்கள். கூட்டம் சேர்ந்தது. பிறகு 2011இல் மன்றம் ரயிலுக்கு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பிட்ட செலவு 81.8 கோடி டாலர். மாகாண அரசு 30 கோடி வரை, மத்திய அரசு 26.5 கோடி வரை. மீதி உள்ளூர் பணம்.

2014இல் வேலை தொடங்கியதும் கிங் தெரு என்ற கடைவீதியைத் தோண்டிப் போட்டார்கள். கடைக்காரர்களுக்கு அது சோதனைக் காலம். 2016இல் வாட்டர்லூ நடுவூரில் தோண்டும்போது, வரிசையாக மரக்கட்டைகள் தென்பட்டன. சதுப்பு நிலத்தைக் கடக்க முதல் குடியேறிகள் கட்டைகளைக் குறுக்கே அடுக்கிப் போட்ட பழைய பாதை அது. அந்த வட்டாரத்தின் முதல் சாலைகளில் ஒன்று, இந்த ரயிலால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறொன்று. ஊருக்குள் ஏற்கெனவே ஒரு சரக்கு ரயில்பாதை இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள்: பகலில் பயணிகள், இரவில் சரக்கு. சரக்குப் பெட்டிகள் நடைமேடையில் உரசாமலிருக்க, நிறுத்தங்களில் மட்டும் கொஞ்சம் விலகிச் செல்லும்படி கூடுதல் தண்டவாளம் பதித்தார்கள். கையிலிருப்பதை வீணாக்காத இந்தப் புத்திதான் நடுத்தர ஊர்களுக்கு வேண்டும்.

ரயில்பெட்டிகள் தாமதமாக வந்ததால், 2017இல் நடக்க வேண்டிய திறப்பு விழா 2019 ஜூன் 21க்குத் தள்ளிப்போனது. ரயிலுக்கு அயான் என்று பெயர். 19 கிலோமீட்டர், 19 நிறுத்தங்கள். ஒரு வண்டியில் சுமார் 200 பேர், ஓட்டுநர் ஒருவர். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே கட்டணம்.

கேம்பிரிட்ஜுக்கு மட்டும் ரயில் போகவில்லை. அங்கே மக்கள் நெருக்கம் குறைவு என்று, கிச்சனரின் ஃபேர்வே நிறுத்தத்திலிருந்து 17 கிலோமீட்டருக்கு விரைவுப் பேருந்து விட்டார்கள். படிப்படியாகப் போவது சரியான யோசனைதான். ஆனால் அந்தப் பேருந்து பெரும்பாலும் கார்களோடு கார்களாகத்தான் ஊர்கிறது. சில சந்திப்புகளில் முந்திப்போக இடமும் சிக்னலில் முன்னுரிமையும் உண்டு. நெரிசலுக்கு அது போதாது. "நாங்களும்தானே வரி கட்டுகிறோம்" என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தண்டவாளம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அதுவரை அந்தப் பேருந்துக்கு ஒரு தனித்தடமாவது கொடுத்தாக வேண்டும்.