விடியற்காலை பஸ் நின்றால் விளைந்த பூவுக்கு விலை ஏது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பூ பயிரிடும் விவசாயிகளுக்கு விடியற்காலை பஸ் மிக அவசியம். மல்லிகையை மொட்டாகப் பறித்து, மலருமுன் மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். பஸ் தவறினால் விலையும் தவறும். இரண்டு கூடைப் பூவுக்குத் தனி வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது.

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் இறுதியில் பஸ்கள் நின்றன. ஜூனில் சில வண்டிகள் ஓடி, ஜூலையில் மீண்டும் நின்று, செப்டம்பரில்தான் வெளிவந்தன. 2021 மே மாதம் மறுபடியும் நிறுத்தம். வண்டி நின்றாலும் தொழிலாளர் சம்பளமும் கடன் வட்டியும் நிற்பதில்லை. அரசு பஸ் 1 கிலோமீட்டர் ஓடினால் ரூ.59.15 நட்டம் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் வெள்ளை அறிக்கை கூறியது.

இப்படிப்பட்ட நெருக்கடியில், வசூல் குறைந்த கிராமத் தடத்துக்கே முதல் ஆபத்து. இதை உணர்ந்த அமெரிக்க அரசு, 2020 மார்ச்சில் பொதுப் போக்குவரத்துக்கு ஒதுக்கிய 2,500 கோடி டாலர் அவசர நிதியில், சுமார் 220 கோடி டாலரைக் கிராமப்புறச் சேவைக்கெனத் தனியே வைத்தது.

நம் மாநிலத்தில் வேறு வழியில் உதவி வந்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த இழப்பை அரசு ஈடு செய்கிறது; தொடக்கத்தில் இதற்கு ரூ.1,200 கோடி என்று அறிவிக்கப்பட்டது. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களுக்குக் கூலி முழுதாகக் கையில் தங்குகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

கட்டணமில்லாப் பயணத்துக்கும் பெண்கள் தவறாமல் சீட்டு வாங்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அதுவே கணக்கு. கணக்கில் ஆள் இல்லாத தடத்தைக் காப்பாற்றுவது கடினம்.

பஸ் குறைக்கப்பட்டால், தடம், நேரம், நின்ற நாள், பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, சங்கரன்கோவில் பணிமனையின் கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுப்பது நல்லது.

பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்கு மினி பஸ் கேட்கலாம். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டம், பஸ் வசதி இல்லாத ஊர்களுக்காகவே வகுக்கப்பட்டது.

தனி ஆளாகக் கேட்டால் மனு. ஊர் கூடிக் கேட்டால் பஸ். வரப்பில் உடைப்பு கண்டால் உடனே மண் போடுகிறோம். பஸ் தடத்துக்கும் அந்த அக்கறை வேண்டும்.